நான்கு கதவுகளிலும் பார்வதியின் குரல்

எந்தக் காரில் ஏறினாலும் என் கண் முதலில் டாஷ்போர்டுக்குத்தான் போகும். கோவில்பட்டி பைபாஸில் பதினெட்டு வருஷமாகக் கார் செட் கடை நடத்துகிறவளுக்கு வேறெங்கே போகும்? மும்பைக்குப் போய்வந்தவர்கள் கடலைப் பற்றியும் மாடிக் கட்டடங்களைப் பற்றியும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் டாக்ஸிகளைப் பற்றித்தான் சொல்வேன். டாஷ்போர்டில் பிள்ளையார், பக்கத்தில் மூன்று போன், அதற்குக் கீழே கறுத்துப்போன துண்டு. அந்தத் துண்டை விலக்கினால்தான் ரேடியோ தெரியும்.

தாதர் ஸ்டேஷனில் என்னை ஏற்றிக்கொள்ள இசக்கிமுத்து வந்திருந்தார். என் தங்கை பார்வதியின் கணவர், இருபத்தைந்து வருஷமாக மும்பையில் டாக்ஸி ஓட்டுகிறார். நான் துண்டை விலக்கிப் பார்த்தேன். கேசட் போடுகிற பழைய டெக். இப்படி ஒன்றைக் கையால் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சர்க்கார் கணக்கில் இன்னும் எட்டு மாதத்தில் வண்டியே ஆயுள் முடிந்து போகப்போகிறது, அதற்கு எதற்குப் புது செட் என்று அவராகவே சமாதானம் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்கும்.

நான் ஊர் சுற்ற வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் பார்வதிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போய்விட்டது, கூடவே குரலும் போய்விட்டது. போனில் பேசினால் காற்று மட்டும் வரும். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். அழைத்தால் அவள் மகள் செல்விதான் எடுப்பாள். கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, எந்த வயரை எதில் சொருகுவது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ரயிலேறினேன்.

தாராவியில் பார்வதியின் வீட்டில் காலையிலேயே இட்லிக் கொப்பரைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர்களுக்கு அவள் இட்லி ஊற்றிக் கொடுக்கிறாள். முன்னெல்லாம் அவள் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் சந்து முனையில் நிற்பவன் திரும்புவான். இப்போது கரண்டியால் கொப்பரை விளிம்பைத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் எடுத்துக்கொண்டு போ, இரண்டு தட்டு என்றால் இன்னும் வேகவில்லை. என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். வாய் திறக்கவில்லை. எனக்கோ பேசாமல் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது. அன்று முழுவதும் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

சாயங்காலம் செல்வி வேலையிலிருந்து வந்ததும்தான் முழு விவரம் தெரிந்தது. சந்து முனை அம்மன் கோவிலில் முளைப்பாரி போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. பக்கத்துக் கொட்டகைக்குள் இருட்டில் பாரி வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் நாள்வரை தினமும் மாலையில் பெண்கள் அதன் முன்னால் பாடிக் கும்மியடிக்க வேண்டும். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பதினாலு வருஷமாக அடியெடுத்துக் கொடுத்தவள் பார்வதி. அங்கே பிறந்த பெண்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் பாட்டை யாரும் நோட்டில் எழுதி வைக்கவில்லை. அவ்வளவும் பார்வதியின் தலைக்குள் இருந்தது.

இன்னும் ஓரிடத்திலும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் செல்வி தன் சின்ன எம்பி3 பிளேயரில் அம்மாவைப் பாடவைத்துப் பதிவு செய்திருக்கிறாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒன்றும் தெரிவதில்லை. ஹெட்போன் துளை வழியாகப் பாட்டு மட்டும் வருகிறது. சந்துப் பெண்கள் முதல் நாளே வந்து அதைக் கேட்டிருக்கிறார்கள். பெட்டியில் மாட்டிப் போட்டால் அதற்கேற்ப நாங்கள் கும்மியடித்துக்கொள்கிறோம் என்று நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறார்கள். பார்வதி பிளேயரை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கேட்டபோதுதான் அவள் முதன்முதலாக வாயைத் திறந்தாள். சத்தம் பாதி, காற்று பாதி.

“நான் உசுரோட இருக்கேன்லாக்கா. எம் பாட்ட பெட்டியில போட்டு, நான் ஓரமா நின்னு பாக்கணுமாக்கும்? செத்தவளுக்குப் பண்ணுத மாரி இருக்கு.”

நான் டிரம்மின் மூடியை இன்னும் அழுத்தி மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் செம்பூரில் குரல் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவிடம் போனோம். போகிற வழியில் லாரிகளும் பஸ்களும் அடிக்கிற ஹாரனில் என் காதே அடைத்துக்கொண்டது. எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே அதை மூச்சு விடுகிற மாதிரி அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். டாக்டரம்மா மராத்திக்காரி. இந்தியில் அவர் சொன்னதைச் செல்வி தமிழில் சொன்னாள். குரல் நரம்பு அறுந்துபோகவில்லை, அடிபட்டிருக்கிறது. திரும்பி வர வழி இருக்கிறது, ஆனால் சும்மா இருந்தால் வராது. நன்றாகத் தெரிந்த பாட்டை யாராவது பாட, கூடவே தினமும் அரைமணி நேரம் சத்தம் விட்டுப் பாட வேண்டும். காதில் ஹெட்போன் மாட்டக் கூடாது. தன் குரல் தனக்குக் கேட்டால்தான் தொண்டை திருத்திக்கொள்ளும்.

“வீட்டில் பாடுவீர்களா?” என்று அவர் பார்வதியைக் கேட்டார். பார்வதி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். அதில் நியாயம் இருந்தது. அந்தச் சந்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்று நாம் எண்ணலாம். பார்வதியின் குரல் உடைந்து கிடப்பதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க அவள் விடமாட்டாள். அவளே ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். பிறகு கண்ணாடியை ஏற்றுகிற மாதிரி சுற்றினாள். தாராவியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி தனியாகப் பாடக்கூடிய இடம் டாக்ஸி ஒன்றுதான்.

கூடப் பாட அந்தப் பாட்டு தெரிந்த வேறு ஆள் இல்லை என்பதால், அன்று இரவே பார்வதி அரிசி டிரம்மிலிருந்து பிளேயரை வெளியே எடுத்தாள். அதைக் கார் ஸ்பீக்கரில் பாடவைப்பது என் வேலை என்று சொன்னேன். அரைமணி நேரத்து வேலை என்று வேறு சொல்லிவிட்டேன். வாய் எனக்குச் சத்துரு.

டெக்கின் முகப்பில் வயர் சொருகத் துளை இல்லை. புளூடூத் என்ற சொல் பிறப்பதற்கு முன்னால் செய்த டெக் அது. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மடியில் வைத்துப் பார்த்தோம். இஞ்சின் சத்தத்திலும் ஹாரனிலும் அது கொசு பாடுகிற மாதிரிக் கேட்டது. பார்வதி நான்கு கதவுகளையும் மாறி மாறிக் காட்டினாள். அவளைச் சுற்றிலும் பழைய குரல் நிறைந்திருக்க வேண்டும், அதற்குள் புதுக்குரலை ஒளித்துவைத்துப் பாட வேண்டும். எனக்குப் புரிந்தது.

நான் வந்த மூன்றாம் நாள் கேசட் அடாப்டர் தேடித் தனியாகக் கிளம்பினேன். கேசட் உருவத்தில் இருக்கும், வாலில் ஒரு வயர். கேசட்டை டெக்கில் தள்ளி வயரைப் பிளேயரில் சொருகினால் பாடும். போகும் வழியில் மாட்டுங்காவில் இறங்கி டிபன் சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். பக்கத்து மேஜைப் பெரியவர் அதைக் குடித்துவிட்டு, “இந்த ருசி மெட்ராஸ்ல கூட கிடைக்காது கேட்டேளா” என்று என்னிடம் சொன்னார். கிடைக்காமல் இருப்பது மெட்ராஸின் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். காபிக்கு மட்டும் நூற்றுக்கு நூறு கொடுக்கலாம், இரண்டு டம்ளர் குடித்தேன்.

கிராண்ட் ரோடு பக்கம் நாலு கடை ஏறி அடாப்டரை வாங்கிவிட்டேன். கடைக்காரன் அதைத் தூசி தட்டிக் கொடுத்த விதத்திலேயே எத்தனை வருஷமாக விற்காமல் கிடந்தது என்று தெரிந்தது. திரும்பும்போது தாதரில் வண்டி மாறி, தாராவிக்குப் பக்கத்திலிருக்கும் சயானுக்குப் போக வேண்டும். வந்து நின்ற வண்டியில் ஏறினேன். அது ஃபாஸ்ட் வண்டி, சயானில் நிற்காதாம். குர்லாவில் இறங்கலாம் என்று எழுந்தால் ஏறுகிற கூட்டம் என்னை உள்ளே கொண்டுபோய்விட்டது. “இறங்குகிறவள் முந்தின ஸ்டேஷனிலேயே வாசலில் வரிசை போட வேண்டும், இப்போது உட்கார்ந்துகொள், எங்கள் ஊரைத்தான் பாரேன்” என்று ஒரு மராத்திப் பெண்மணி இந்தியிலும் சைகையிலுமாகச் சொல்லி, பாதி சீட்டும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் கொடுத்தாள். தாணேயில் அவளோடேயே இறங்கினேன். தாணே ஸ்டேஷனைப் பார்த்தாயிற்று.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த அடாப்டரை டெக் வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளே தள்ளினால் இரண்டு நொடி உறுமிவிட்டு வெளியே துப்பியது. நான் தள்ள, அது துப்ப, பத்து தடவை நடந்தது. இசக்கிமுத்து டீ வாங்கி வந்து கொடுத்தார். பார்வதி என் முதுகைத் தட்டிவிட்டு இட்லிக்கு மாவாட்டப் போனாள். அவள் தேற்றுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

நாலாம் நாள் தொண்ணூறடி ரோட்டில் கார் வயரிங் கடை வைத்திருக்கும் காஜா பாயிடம் போனோம். கடையநல்லூர்க்காரர். நான் என்ன கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தொழில்காரர்கள் இருவர் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? டெக்கைக் கழற்றி, கேசட் ஹெட்டுக்குப் போகிற வயரில் நேராக ஒரு பின்னை சோல்டர் செய்துவிடலாம் என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். இசக்கிமுத்து கைகூப்பிவிட்டார். அடுத்த வாரம் வண்டிக்கு பாசிங், அதாவது தகுதிச் சோதனை, இருக்கிறது, ஆர்.டி.ஓ.க்காரன் பார்க்கிறபோது டாஷ்போர்டு பிரிந்து கிடக்கக் கூடாது என்றார்.

பாய் மேஜை இழுப்பறையிலிருந்து எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை எடுத்தார். எனக்கு அந்தச் சாதனத்தைக் கண்டாலே ஆகாது. சிகரெட் லைட்டர் துளையில் அதைச் சொருகி, பிளேயர் வயரை அதில் மாட்டினால், அது குட்டி ரேடியோ நிலையம் மாதிரி பாட்டை விடும். கார் ரேடியோவில் அந்த எண்ணைத் திருப்பிப் பிடித்துக் கேட்க வேண்டும். என் கடையில் ஒன்று விற்றால் மறுநாளே கொர்ரென்கிறது என்று திரும்பி வரும். அதிலும் மும்பையில் எந்த எண்ணில் திருப்பினாலும் யாராவது பேசிக்கொண்டிருக்கிறான்.

“அக்கா, அடியில ஒரு எடம் காலியா கெடக்கு. எம்பத்தெட்டுக்குக் கொஞ்சம் கீழ. இந்த ஊர்ல காலியா கெடக்குறது அது ஒண்ணுதான்” என்றார் பாய்.

திருப்பினார். கொஞ்சம் இரைச்சல். பிறகு நான்கு கதவுகளிலிருந்தும் பார்வதி பாடினாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய பார்வதி. கணீரென்று ஓர் அடி, பிறகு மற்றவர்கள் திருப்பிச் சொல்வதற்கான இடைவெளி, அந்த இடைவெளியில் செல்வி மட்டும் கைதட்டுகிற சத்தம். பாய் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். பின்சீட்டில் இருந்த பார்வதி தொண்டையின் தழும்பில் விரல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்னால் திரும்பிக்கொண்டேன். அவளைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன்.

அன்று கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு செம்பூர்வரை போய்த் திரும்பினோம். அவள் உதடு மட்டும் அசைந்தது. ஐந்தாம் நாள், சயான்–டிராம்பே ரோட்டில், ஒரு லாரி எங்களை ஒட்டிக்கொண்டு இரைந்து போனபோது பின்னாலிருந்து ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. வண்டியில்தான் கோளாறு என்று இசக்கிமுத்து வேகத்தைக் குறைத்தார். கோளாறில்லை, பார்வதி. குரல் இரண்டு படி இறங்கி, நடுவில் விட்டுவிட்டு, ஆனால் ராகத்தோடு வந்தது. அவர் செம்பூரில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக ஓட்டிக்கொண்டே போனார்.

திரும்பி வரும்போது சயான் சிக்னலில் பக்கத்து டாக்ஸிக்காரர் தன் ரேடியோவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, இது என்ன பாஷை, புதிதாக ஸ்டேஷன் வந்திருக்கிறதா, நன்றாக இருக்கிறதே என்று இந்தியில் கேட்டார். ஸ்டேஷன் தேடும் பொத்தானை அமுக்கியிருக்கிறார், பக்கத்தில் நின்ற எங்களை அது பிடித்துக்கொண்டது. பார்வதி வெலவெலத்துப் போனாள். அவளுடைய இப்போதைய குரலும் ரேடியோவில் போய்விட்டதென்று நினைத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிளேயரில் இருப்பதுதான் போகும், உன் தொண்டையில் வயர் இல்லை என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று வீட்டில் செல்வி சொன்னாள்.

இதற்கிடையில் கொட்டகையில் பெண்கள் தெரிந்த நாலு அடியையே தினமும் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பார்வதியை வந்து நிற்கவாவது சொல்லும்படி என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். அவளிடம் சொன்னேன். “இந்தத் தொண்டைய வச்சிக்கிட்டா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் வந்த ஆறாம் நாள்தான் பாரிக்கு ஒன்பதாம் நாள். மறுநாள் காலையில் ஊர்வலம், ஆகவே கும்மிக்கு அதுதான் கடைசி மாலை. நாங்கள் செம்பூரிலிருந்து திரும்பிச் சந்து முனையில் வண்டியை நிறுத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பாட்டு முடியட்டும் என்று பார்வதி சைகை காட்டினாள். இசக்கிமுத்து இஞ்சினை அணைத்துவிட்டு ரேடியோவை ஓடவிட்டார். எங்கள் வண்டியை ஒட்டி முன்னால் சுடலைமணி என்பவர் தன் டாக்ஸியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான்கு கதவும் திறந்திருந்தன. கிரிக்கெட் கேட்கவோ என்னவோ, ரேடியோவில் ஸ்டேஷன் தேடும் பொத்தானை அமுக்கினார்.

அவருடைய நான்கு கதவுகளிலிருந்தும் என் தங்கை சந்து முழுக்கக் கேட்கும்படி பாடினாள்.

கொட்டகை முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். எங்கிருந்து வருகிறதென்று அவர்கள் தேடவில்லை, குரல் யாருடையது என்பது போதுமாக இருந்தது. எழுந்து வட்டமாக நின்றுவிட்டார்கள். அடுத்த இடைவெளி வந்தபோது முப்பது பேரும் ஒரே அடியாகத் தட்டித் திருப்பிச் சொன்னார்கள். செல்வியும் வேலைப் பையைத் தோளில் போட்டபடியே வட்டத்துக்குள் நின்றாள். அடுத்த அடி, அடுத்த தட்டு. ஒன்பது நாளும் வராத வேகம் அப்போது வந்தது.

நான் பார்வதியைத் திரும்பிப் பார்த்தேன். எது நடக்கக் கூடாதென்று அரிசி டிரம்மை மூடினாளோ அதுதான் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அவள் பாட்டுக்குக் கும்மி நடக்கிறது, அவள் ஓரமாகக் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். என் சாதனம் செய்த வினை. அணைக்கலாமென்று டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்து விலக்கினாள். முன்சீட்டுக்கு எட்டி, பிளேயரிலிருந்து வயரை அவளே உருவினாள்.

இரண்டு டாக்ஸியிலும் பாட்டு பாதியில் நின்றது. பெண்கள் தூக்கிய கையோடு நின்றார்கள். பார்வதி கதவைத் திறந்து இறங்கி, விட்ட இடத்திலிருந்து அடுத்த அடியை எடுத்தாள்.

அது வந்த விதத்தைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கரகரவென்று, பாதி காற்றாக, அடித்தொண்டையிலிருந்து வந்தது. கடைசிச் சொல் வெளியே வரவேயில்லை. யாரும் கை தட்டவில்லை. எனக்கு ஏன் இந்த ஊருக்கு வந்தோம், ஏன் இந்த வயரைத் தொட்டோம் என்றிருந்தது.

வட்டத்திலிருந்து ஒருத்தி அந்த அடியைத் திருப்பிச் சொன்னாள். வழக்கமான உயரத்தில் அல்ல, பார்வதி பாடின இடத்திலேயே, அவ்வளவு தாழ்வாக. அடுத்தவளும் அதைப் பிடித்தாள். யாரும் சொல்லாமலே முப்பது பேரும் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். கண்ணீர் என் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. சுடலைமணி ஈரத்துணியோடு போய்த் தன் ரேடியோவை அணைத்தார்.

அன்றைக்குப் பார்வதியின் குரல் மூன்று இடத்தில் நின்றுபோனது. நின்ற ஒவ்வொரு தடவையும் அவர்கள் கையை மட்டும் தட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். அவள் மூச்சு வாங்கி அடுத்த அடியை எடுக்கும்வரை வேறு யாரும் எடுக்கவில்லை.